தழும்பைக் கரைக்கும் இலை உண்டா? கல்லீரல் கேள்விகள்

போன இதழில் ஃபேட்டி லிவர் பற்றி நாலு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு கையெழுத்தில் கேட்டிருந்தன: கல்லீரலில் விழுந்த தழும்பைப் போக்க இயற்கையாக ஏதாவது இருக்கிறதா? இலை, வேர், பொடி, கேப்சூல், எதுவானாலும் சரி என்கிறார்கள். அதனால் இந்தத் தடவை மூட்டுவலி, முடி கொட்டுதல் எல்லாம் ஓரமாக இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வயது 46. பனியன் கம்பெனியில் வேலை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. சர்க்கரை மட்டும் ஆறு வருடமாக இருக்கிறது. ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) எடுத்ததில் 9.8 என்று வந்தது. 'தழும்பு ஆரம்பித்துவிட்டது, எடையைக் குறையுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். ஒரு மருந்துகூட எழுதவில்லை. தழும்பு என்றால் அது போகவே போகாதா? (திருப்பூர் வாசகர்)

மருந்து எழுதாததில் உங்களுக்குக் கோபம். எனக்கு அந்த டாக்டர் மேல் மரியாதைதான் வருகிறது. ஐந்து விதமான 'லிவர் டானிக்' எழுதி உங்களைச் சந்தோஷமாக அனுப்பியிருக்கலாம், அவர் அதைச் செய்யவில்லை.

தழும்பு எப்படி விழுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், கீழே வரும் கேள்விகளுக்கெல்லாம் அதுதான் அடிப்படை. கல்லீரல் செல்களுக்கும் ரத்தம் ஓடும் நுண்குழாய்களுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு உண்டு. அதில் கையையும் காலையும் நீட்டிக்கொண்டு நட்சத்திரம் மாதிரி சில செல்கள் உட்கார்ந்திருக்கும். 1876ல் குப்ஃபர் என்ற ஜெர்மன் உடற்கூறு அறிஞர் இவற்றைப் பார்த்து நட்சத்திர செல் என்றே பெயர் வைத்தார். சாதாரண நாட்களில் இவற்றின் முக்கிய வேலை வைட்டமின் ஏ-வைப் பத்திரமாகச் சேமித்து வைப்பது. கல்லீரலுக்கு அடி விழுந்தால் (சாராயமோ, வைரஸோ, உங்களைப் போலக் கொழுப்பும் சர்க்கரையுமோ) இந்தச் சாதுக்கள் கையிலிருந்த வைட்டமினைக் கொட்டிவிட்டு, ஆளே மாறி, கொலாஜன் என்ற நாரைச் சுரக்க ஆரம்பிக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, காயத்தை மூடத்தான் பார்க்கின்றன. ஒரே ஒரு அடி என்றால் கொஞ்ச நாளில் கல்லீரல் அந்த நாரைத் தானே கரைத்துவிட்டுப் பழையபடி ஆகிவிடும். தினம் தினம் அடி என்றால், பழைய நார் கரைவதற்குள் புது நார். இருபது முப்பது வருடத்தில் அது வலை மாதிரிப் பின்னிக்கொண்டு, நடுவில் மாட்டிய நல்ல செல்கள் முடிச்சு முடிச்சாக ஒதுங்கிவிடும். அதற்குத்தான் சிரோசிஸ் என்று பெயர். உங்கள் 9.8 அந்த இடத்துக்கு வரவில்லை, பாதி வழியில் நிற்கிறது.

போகவே போகாதா என்றால், போகாது என்றுதான் நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு டெனோஃபோவிர் கொடுத்து, ஆரம்பத்தில் ஒரு தடவையும் ஐந்து வருடம் கழித்து ஒரு தடவையும் கல்லீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013ல் வெளியானது. 348 பேரில் 96 பேருக்கு ஆரம்பத்திலேயே சிரோசிஸ். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்த 96 பேரில் நூற்றுக்கு 74 என்ற கணக்கில் சிரோசிஸ் நிலையிலிருந்தே இறங்கிவிட்டார்கள். கவனியுங்கள், டெனோஃபோவிர் நாரைத் தொடுவதே இல்லை. அது வைரஸை மட்டும் அடக்குகிறது. அடி நின்றது, மீதி வேலையைக் கல்லீரலே பார்த்துக்கொண்டது.

உங்கள் விஷயத்தில் அடி என்பது எடையும் சர்க்கரையும். கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் உணவு, நடை என்று கண்காணித்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள், 2015ல் வந்தது. எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்குத் தழும்பே ஒரு படி இறங்கியிருந்தது. 82 கிலோ இருக்கிறீர்கள் என்றால் 8 கிலோ. சுலபம் என்று சொல்லவில்லை, இருப்பதில் பலமான மருந்து இன்றைக்கும் இதுதான் என்கிறேன். இன்னொன்று, அடுத்த முறை ஃபைப்ரோஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடக் காட்டும்.

கேள்வி: என் மாமியார் காமாலை என்று யார் வந்தாலும் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். எல்லோருக்கும் சரியாகியிருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். என் கணவருக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரல் சுருங்க ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா? (கும்பகோணம் வாசகி)

மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்த வரியோடு பத்திரிகையை மூடி வைத்தாலும் சரி. பி வைரஸ் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் ஒரே வீச்சில் எழும்பும். சுருங்கிய கல்லீரல் அதைத் தாங்காது.

இப்போது மாமியார் விஷயம். அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் பிள்ளைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ. அது சில வாரங்களில் தானாகவே போய்விடும், தழும்பும் வைக்காது. அந்த நாட்களில் என்ன கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். எங்கள் வீட்டிலும் பாட்டி கொடுத்திருக்கிறாள், குணமும் ஆகியிருக்கிறது, மோரோடு பத்தியமும் ஓய்வும் கிடைத்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பி வைரஸ் உள்ளே தங்கிவிட்டவர் கதை வேறு.

அதையும் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சோதித்தது நம் சென்னையில்தான். எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 1988ல் லான்செட் இதழில் வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. போலி மருந்து (ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்தே இல்லாத வெறும் பொருள்) சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அங்கெல்லாம் அந்தப் பலன் வரவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள்: செடி வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு. கீழாநெல்லி என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் இரண்டு மூன்று இனங்கள் கலந்து கிடப்பதும் உண்மைதான், சந்தையில் கட்டாக வாங்கினால் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விளக்கம் எதுவானாலும் வேறு இடத்தில் திரும்ப வராத பலனை நம்பி உங்கள் கணவரின் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கேள்வி: நான் பி.ஃபார்ம் இரண்டாம் வருடம். எங்கள் பாடத்தில் கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, கடுகுரோகிணி என்று எதை எடுத்தாலும் 'கல்லீரலைக் காக்கிறது என்று எலிகளில் நிரூபிக்கப்பட்டது' என்று வருகிறது. இத்தனை செடிகள் நிரூபித்தும் ஏன் ஒன்றுகூட மருந்தாக வரவில்லை? கம்பெனிகளின் சதியா? (திருநெல்வேலி மாணவி)

சதி என்று சொன்னால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் விடை உங்கள் லேபிலேயே இருக்கிறது, எலிக்கு எப்படித் தழும்பு வர வைக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு. ஒரு காலத்தில் துணி உலர்சலவைக்கும் தீயணைப்பானிலும் பயன்பட்ட திரவம். வாரம் இரண்டு தடவை வீதம் ஒன்றரை இரண்டு மாதம் ஊசி போட்டால் எலியின் கல்லீரல் நார் பின்னிவிடும்.

விஷயம் என்னவென்றால், அந்தத் திரவம் அப்படியே உள்ளே போனால் அவ்வளவு சேதம் செய்யாது. கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி, சிஒய்பி2ஈ1 என்பார்கள், அதை உடைத்து வெறி பிடித்த ஒரு துணுக்காக மாற்றுகிறது, அந்தத் துணுக்குதான் செல்லைக் கிழிக்கிறது. இப்போது ஒரு செடிச் சாறு அந்த நொதியை மந்தமாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷம் விஷமாக மாறவே இல்லை, அடி விழவே இல்லை, தழும்பு எங்கிருந்து வரும்? அறுத்துப் பார்த்தால் கல்லீரல் பளபளவென்று இருக்கும். 'தழும்பைத் தடுத்தது' என்று கட்டுரை வந்துவிடும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மழைக்கு முன்னால் குடை பிடித்ததும், நனைந்த துணியை உலர்த்துவதும் ஒன்றா? திருப்பூர்க்காரர் ஏற்கெனவே நனைந்து வந்து நிற்கிறார். அவருக்குக் குடையால் என்ன பிரயோசனம்?

அப்புறம், எலிக்கு ஊசியை நிறுத்தினாலே போதும், சில வாரங்களில் தழும்பில் நிறையத் தானே கரைந்துவிடும். மனிதரில் இருபது வருடத் தழும்பு குறுக்கும் நெடுக்கும் பிணைந்து இறுகியது, அது அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. அடுத்த முறை ஒரு எலி ஆய்வைப் படிக்கும்போது மருந்தை எப்போது ஆரம்பித்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள். விஷத்தோடு சேர்த்தே கொடுத்திருந்தால் அது குடை. தழும்பு விழுந்த பிறகு, விஷத்தை நிறுத்தாமலே கொடுத்துக் குறைந்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஆர்வமாகப் படிப்பேன்.

கண்ணாடித் தட்டில் செய்யும் சோதனைகளும் இப்படித்தான். மஞ்சளின் குர்குமினை நட்சத்திர செல்கள் மேல் ஊற்றினால் அவை நார் சுரப்பதைக் குறைத்துக்கொள்கின்றன, உண்மை. ஆனால் நாம் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் சேர்வது மிகமிகச் சொற்பம், தட்டில் ஊற்றிய அளவு மனிதக் கல்லீரலுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. கடுகுரோகிணியிலிருந்து லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார் பிக்ரோலிவ் என்று ஒன்றைப் பிரித்தெடுத்து வருடக்கணக்கில் உழைத்தார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வரும் அந்தப் பாலம்தான் நீளம், நீங்கள் படித்து முடித்து அதில் ஒரு பலகையாவது போடலாம்.

கேள்வி: இங்கே பார்மசியில் மில்க் திஸில் கேப்சூல் விற்கிறார்கள். தழும்புக்கு நல்லது என்று எங்கள் நாட்டிலேயே ஆராய்ச்சி செய்திருப்பதாகப் பெண் பிள்ளை சொல்கிறாள். வாங்கலாமா? (கிள்ளான், மலேசியா வாசகர்)

உங்கள் பெண் சொல்வது சரி. மலாயா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, 2017ல் வந்தது. மில்க் திஸில் என்பது மத்தியதரைக் கடல் பக்கத்து முள்செடி, இலையில் பால் சிந்தியது போல வெள்ளைக் கோடு ஓடும். அதன் விதைச் சாறுதான் சிலிமரின். ஃபேட்டி லிவர் முற்றி வீக்கம் வந்த 99 பேரில் 49 பேருக்கு 48 வாரம் சிலிமரின், 50 பேருக்குப் போலி. முதலில் எதை அளக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆய்வை ஆரம்பிப்பார்கள். அந்த முதல் அளவுகோலில் சிலிமரின் ஜெயிக்கவில்லை, இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தழும்பை மட்டும் தனியாக எண்ணியபோது சிலிமரின் பக்கம் 11 பேருக்கு ஒரு படியாவது இறங்கியிருந்தது, போலிப் பக்கம் 3 பேருக்கு.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்கு இது சுவாரசியமான துப்பு, தீர்ப்பு இல்லை. பதினொன்றும் மூன்றும் சின்ன எண்கள். இதே சிலிமரினுக்கு முன்னாலும் ஒரு முறை இப்படி ஆசை காட்டிய கதை இருக்கிறது. 1989ல் ஆஸ்திரியாவில் 170 சிரோசிஸ் நோயாளிகளில் நான்கு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சிலிமரின் பக்கம் நூற்றுக்கு 58, போலிப் பக்கம் 39 என்று வந்தது. சரி, கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். 1998ல் ஸ்பெயினில் குடியால் சிரோசிஸ் வந்த 200 பேரிடம் செய்தபோது எந்த வித்தியாசமும் இல்லை. 2012ல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி உள்ள 154 பேரிடமும் கல்லீரல் நொதி அளவு போலி மருந்தைவிடக் குறையவில்லை. (இந்தச் செடிக்கு உண்மையான பேர் வாங்கிக் கொடுத்த இடம் வேறு: ஐரோப்பாவில் விஷக்காளான் தின்று கல்லீரல் கருகும் நிலையில் வருபவர்களுக்கு இதிலிருந்து எடுத்த மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள்.)

வாங்குவதென்றால் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 700 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, மொத்தம் 2100. கடையில் கிடைக்கும் கேப்சூல் 140 மில்லிகிராம் என்றால் தினம் பதினைந்து விழுங்க வேண்டும். பெரிய கெடுதல் செய்யும் பொருள் இல்லை, என் நோயாளிகள் யாராவது சாப்பிட்டால் நான் பிடுங்கிப் போடுவதும் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல நடைச் செருப்பு வாங்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

கேள்வி: மஞ்சள் நல்லதுதானே? தினம் சாப்பாட்டில் போடுவதைத்தான் கேப்சூலாகச் சாப்பிடுகிறேன். மிளகுச் சாறும் சேர்ந்தது, அப்போதுதான் உடம்பில் ஏறுமாம். (ஈரோடு வாசகர்)

ஈரோட்டிலிருந்தே இந்தக் கேள்வியா! மஞ்சள் மண்டிக்காரர்கள் என்னைத் தேடி வராமல் இருந்தால் சரி.

சாப்பாட்டில் போடுவதும் கேப்சூலும் ஒன்று இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதம்தான். குழம்பு, பொரியல் எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலும் நூறு மில்லிகிராம் தேறாது, அதிலும் பெரும்பகுதி உடம்பில் ஏறாமலே வெளியே போய்விடும். கேப்சூல் ஒன்றிலேயே ஐந்நூறு, ஆயிரம். அதோடு மிளகின் பைப்பரின். 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பைப்பரின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது குர்குமின் உடம்பில் சேர்வது 2000 சதவீதம் கூடியது. விளம்பரத்தில் எல்லோரும் சொல்லும் எண் இதுதான். ஏறினால் நல்லதுக்குத்தான் ஏறும் என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுக்கும் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அவர்கள் மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் வீங்கிய பத்து பேரைப் பற்றி எழுதினார்கள். ஐந்து பேர் மருத்துவமனையில் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மாதிரியான ஒரு மரபணு வகை இருந்தது. அந்த வகை உங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று கேப்சூல் டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழம்பில் தாராளமாகப் போடுங்கள். கேப்சூலை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இயற்கையான பொருள் எப்படிக் கல்லீரலைக் கெடுக்கும்? கொரோனா சமயத்தில் சீந்தில் கஷாயம் குடிக்காதவர் யார்? நீங்கள் அலோபதிக்காரர், அப்படித்தான் சொல்வீர்கள். (மதுரை வாசகர்)

நானும் குடித்தேன் ஐயா, வீட்டில் விடவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு ஆனது. மும்பையில் சீந்தில் குடித்தபின் கல்லீரல் வீங்கி வந்த ஆறு பேரைப் பற்றி 2021ல் எழுதினார்கள், அடுத்த வருடம் நாட்டின் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேர் கணக்கு வந்தது. அவர்களில் பலருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய் போல இருந்தது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்றுதானே குடித்தோம்? தூண்டியது. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது, அவர்கள் குடித்தது உண்மையான சீந்தில்தானா, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியா என்று கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் கொடியை வெட்டிக் கஷாயம் போடும் நம் வீட்டு அடுப்படியிலும் அதே கேள்வி இருக்கிறதே.

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள். 1970களில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், இப்போது அது சத்தீஸ்கர், கிராமத்து ஜனங்கள் வயிறு ஊதி ஊதிச் செத்தார்கள். குடிகாரர்கள் இல்லை, வைரஸும் இல்லை. அவர்கள் தின்ற சாமை மாதிரியான சிறுதானியத்தில் கிலுகிலுப்பைச் செடியின் விதை கலந்திருந்தது. நம் வரப்பில் மஞ்சளாகப் பூத்து, காய்ந்த நெற்றை ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம் போடுமே, அந்தக் குடும்பம்தான். அதிலிருக்கும் ஒரு வகை ஆல்கலாய்டு கல்லீரலின் சிறு ரத்தக்குழாய்களை அடைத்துவிடுகிறது. உரம் போடாமல், மருந்து அடிக்காமல், தானாக வளர்ந்தது.

கேள்வி: காபி? (மயிலாப்பூர் வாசகி, அஞ்சலட்டையில் இவ்வளவுதான்)

குடியுங்கள் அம்மா. கல்லீரல் விஷயத்தில் பல நாடுகளில், பல லட்சம் பேரைப் பின்தொடர்ந்து, திரும்பத் திரும்ப ஒரே பக்கம் சாய்ந்த இயற்கைப் பொருள் ஒன்று உண்டென்றால் அது காபிதான். கலிஃபோர்னியாவில் ஒன்றேகால் லட்சம் பேரைப் பார்த்ததில் தினம் ஒரு கப்புக்குக் குடியால் வரும் சிரோசிஸ் அபாயம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து தெரிந்தது. காபி குடிப்பவர்கள் வேறு வகையிலும் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம், அதனால் மருந்து என்று எழுதிக் கொடுக்க முடியாது. காஃபீன் நட்சத்திர செல்களின் ஒரு பூட்டை அடைத்து அவற்றை மந்தமாக்குகிறது என்பது ஒரு விளக்கம். டபரா நிறைய இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தால் அந்தப் பக்கம் வந்தது இந்தப் பக்கம் போய்விடும்.

கேள்வி: ஃபேட்டி லிவருக்கு எனக்கு உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் என்ற மாத்திரையை ஆறு மாதமாகக் கொடுக்கிறார்கள். விலை அதிகம். இது கெமிக்கல் மருந்துதானே, இதற்குப் பதில் இயற்கையாக ஒன்று சொல்லுங்கள். (சேலம் வாசகர்)

வேடிக்கை என்னவென்றால் நீங்கள் சாப்பிடுவதுதான் இந்தப் பக்கத்திலேயே அசல் இயற்கைப் பொருள். உர்சுஸ் என்றால் லத்தீனில் கரடி. சீன வைத்தியர்கள் காலம்காலமாகக் கொடுத்த கரடிப் பித்தத்தில் இருக்கும் அமிலம் இது. இப்போது கரடியைத் தொந்தரவு செய்யாமல் தொழிற்சாலையில் செய்கிறார்கள். பித்தக்குழாய்களை உடம்பே தாக்கும் ஒரு நோயில், பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது, இது தழும்பு முற்றுவதை உண்மையிலேயே தள்ளிப்போடுகிறது. இயற்கை மூலக்கூறு ஒன்று கல்லீரலில் ஜெயித்த கதை வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஃபேட்டி லிவருக்கு 166 பேரிடம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்து 2004ல் எழுதினார்கள், போலி மருந்தைவிட எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை. நம் ஊரில் கல்லீரல் என்றாலே இதை எழுதிவிடுகிறோம், எங்கள் கூட்டத்தின் குற்றம். உங்களுக்கு எதற்காகக் கொடுத்தார் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பித்தப்பைக் கல் போன்ற வேறு காரணம் இருக்கலாம், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஃபேட்டி லிவர் தழும்புக்கு என்று அமெரிக்காவில் முதல் அனுமதி வாங்கிய மாத்திரை ரெஸ்மெட்டிரோம், 2024 மார்ச்சில். அந்த ஆய்வில் ஒரு எண்ணைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 25 பேருக்குத் தழும்பு ஒரு படி இறங்கியது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கும் இறங்கியது. ஆக, நாளைக்கே நான் வெறும் அரிசி மாவை உருட்டி நூறு பேருக்குக் கொடுத்தாலும், 'என் தழும்பு குறைந்தது, இதோ ஸ்கேன்' என்று கேமரா முன்னால் அழுதுகொண்டே சொல்ல ஏறக்குறைய பதினான்கு பேர் கிடைப்பார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பதினைந்து வருடமாகக் குடிக்கிறார். காலில் வீக்கம், ஸ்கேனில் சிரோசிஸ் ஆரம்பம் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க ஒரு மூலிகைப் பொடி இருக்கிறதாம், குடியும் மறக்கும், கல்லீரலும் சரியாகும் என்கிறார்கள். பெயர் போடாதீர்கள். (ஊரும் போடவில்லை)

அந்தப் பொடியை வாங்காதீர்கள் அம்மா. தெரியாமல் கலக்கும் 'குடி மறக்கும் பொடி'களில் சிலவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கும். அது உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மருந்து கல்லீரலையும் தனியாக வீங்க வைக்கக்கூடியது, சிரோசிஸ் உள்ளவருக்குக் கொடுக்கவே யோசிப்போம். அதை அவருக்கே தெரியாமல் கொடுப்பது அவர் உயிரோடு விளையாடுவது.

அவர் திடீரென்று மனம் மாறி நாளைக்கே குடியை விட்டாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். முதல் சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்துவிட்டால் அதற்கு மருந்து கொடுத்துப் பத்திரமாகக் கடத்திவிடுவார்கள். அவர் வர மாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம், அல்லது 14446 என்ற எண்ணுக்கு அடியுங்கள், கட்டணம் இல்லை. கால் வீக்கத்துக்கு உப்பை இப்போதே குறையுங்கள், ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். வலி மாத்திரை கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்த வாந்தியோ, தார் மாதிரி கறுப்பாக மலமோ, பேச்சில் குழப்பமோ வந்தால் அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

குடியை முழுதாக விட்டபின் ஒரு வருடத்தில் வீக்கமும் வயிற்று நீரும் வடிந்து வேலைக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், பெயர் வேண்டாம்.